உன் பெயர் போட்ட ரிப்போர்ட்

மகன்,

உன்னிடம் எதைச் சொல்லத் தொடங்கினாலும் சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்பேன். இன்றைக்குக் கேட்கவில்லை. திருகோணமலையில் ஹோட்டலுக்கு ஏசி பூட்டப் போனவனை அவர்கள் பட்டினி போடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பகல் உன்னைப் போனில் எடுத்து, "ஜூட் வந்து எல்லாம் சொல்லிட்டான்" என்றேன். "அம்மா, நீங்க வாயை மூடிக்கொண்டு இருங்க, நான் வந்து கதைக்கிறன்" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு உன் போன் அடித்து அடித்து ஓய்கிறது. என் வாயை மூட உன் அப்பாவாலேயே முப்பத்தைந்து வருடமாக ஏலவில்லை, நீ எந்த மூலை. போன் இல்லாவிட்டால் பேனை இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. இந்த வீட்டில் மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கிற வேலை என்னுடையது. இந்தக் கிழமை எனக்கே சிரிப்பு வரவில்லை. உங்கள் கொம்பனி வேன் டிரைவர் நாளைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு அங்கே வருகிறானாம். அவன் கையில் இதை ஒட்டிக் கொடுத்துவிடுவேன். கழிவறைக்குள் இருந்தாவது கடைசி வரைக்கும் வாசி.

என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் அது எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியாது. கல்யாணம் முடிந்து இரண்டு வருடமாகியும் ஒன்றும் தங்கவில்லை என்று ஷாமினிதான் வெள்ளவத்தையில் அந்த லேடி டொக்டரிடம் நம்பர் எடுத்தாள். டொக்டர் இரண்டு பேருக்கும் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். அவளுக்கு எழுதியது ஒரு பக்கம் நிறைய. உனக்கு எழுதியது ஒரு வரி, விந்து டெஸ்ட். அந்த ஒரு வரிக்கு நீ மூன்று மாதம் எடுத்தாய். கிளினிக்கில் வைத்து உனக்கு ஏலாதாம், கதவுக்கு வெளியே ஆட்கள் இருக்கிறார்களாம். வீட்டில் எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்தாலும் சரி, குளிர விடாமல் உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு வரவேண்டும் என்று டொக்டர் சொன்னதாக ஷாமினி என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. நான் சொன்னேன், "பிள்ளை, நான் மீன் வாங்கப் போனா ஐஸ் போட்டுக் கொண்டு வாறவள். இது சூட்டுச் சாமான், அவ்வளவுதானே, நான் கொண்டு போறன்." அந்தப் பெண் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அன்றைக்குக் காலை ஷாமினி ஆறரைக்கே படிப்பிக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். ஏழு மணிக்கு உன் சிநேகிதன் ஜூட் வந்தான், உன் மோட்டார் சைக்கிள் வேண்டுமாம். நான் அவனைப் பிடித்துத் தேத்தண்ணி கொடுத்தேன், சுடச்சுட இரண்டு ரோல்ஸும் கொடுத்தேன். தின்னவே மாட்டேன் என்று நெளிந்தான். மேலே உன் அறைக்குப் போனான், கொஞ்ச நேரத்தில் இறங்கி, என் முகத்தைப் பார்க்காமல், மோட்டார் சைக்கிளையும் எடுக்காமல் போய்விட்டான். அப்பவே எனக்கு மண்டையில் அடித்திருக்க வேண்டும். நான் அப்போது வேறு கவலையில் இருந்தேன். நீ பேப்பரில் சுற்றிய அந்தச் சின்னப் போத்தலைத் தந்து, வேலைக்குப் பிந்துகிறது என்று ஓடினாய். நான் அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து, சால்வையால் மூடிக்கொண்டு த்ரீவீலில் ஏறினேன். கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தைக்குப் பள்ளிக்கூட நேரத்தில் ஒரு மணித்தியாலத்தில் போய்ச் சேர்வது என்றால் அது பிரதம மந்திரிக்கே கஷ்டம். நெஞ்சைப் பொத்திக்கொண்டு குனிந்து இருக்கிற என்னைக் கண்ணாடியில் பார்த்து டிரைவர், "மொகத அக்கே, பப்புவே அமாருவக்த?" என்று கேட்டான். நெஞ்சு வருத்தம் என்று நினைத்துவிட்டான். "ஓவ் மல்லி, இக்மனட்ட யன்ன" என்றேன், ஓம் தம்பி, கெதியாய்ப் போ என்று. அவன் என்னைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு வழிப் பாதையால் எதிர்ப்பக்கம் ஓடி, பஸ்காரனிடம் ஏச்சு வாங்கி, ஐம்பது நிமிடத்தில் கொண்டுபோய் விட்டான். லேப்பில் இருந்த பெண் உன் பெயரை எழுதி ஒட்டினாள். பேரப்பிள்ளையையே கையில் கொடுத்தது மாதிரி நான் வெளியே வந்து நின்றேன்.

ரிப்போர்ட் நல்லது என்று வந்தது. எண்ணிக்கை நல்லது, ஓட்டம் நல்லது, எல்லாம் நல்லது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நீ அறியமாட்டாய், யாரும் உன்னிடம் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். சந்தியில் இருக்கிற கடையில் அதைப் போட்டோகொப்பி எடுத்தேன். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். உன் சித்தப்பா மகளின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று, ஹோலில் உன் அத்தைமார் இரண்டு பேரும் "என்ன மச்சாள், இன்னும் ஒன்டும் இல்லையா" என்று தொடங்கியதும், கேக் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அந்தப் பேப்பரை விரித்துக் காட்டினேன். "என்ட பிள்ளையில பிழை இல்ல. வாசிக்கத் தெரிஞ்சவங்க வாசிச்சுப் பாருங்க" என்றேன். ஷாமினி எனக்குப் பின்னால் ஐஸ்கிரீம் கோப்பைகளோடு நின்றாள். நான் அவள் நிற்பதைக் கண்டுதான் சொன்னேன். அதையும் எழுதிவிடுகிறேன், காணாமல் சொன்னேன் என்று எனக்கு நானே சலுகை கொடுக்கப்போவதில்லை. பிறகு கோயிலில் போய் அந்த ரிப்போர்ட்டுக்கு நன்றி சொல்லி மெழுகுதிரியும் கொளுத்தினேன். ஜூட்டின் ரிப்போர்ட்டுக்கு. ஏற்கெனவே இரண்டு பொம்பிளைப் பிள்ளைகளைப் பெற்று, மட்டக்குளியில் ஒரு அறை வீட்டில் படுக்க இடமில்லாமல் இருக்கிற ஜூட்டின் ரிப்போர்ட்டுக்கு.

அந்தப் பேப்பர் வந்த நாளில் இருந்து டொக்டர் தேடியதெல்லாம் ஷாமினியின் உடம்புக்குள்ளே. உன் பக்கம் முடிந்தது, கதவைப் பூட்டியாயிற்று. அவளுக்கு இரத்தம் எடுத்தார்கள், மாதத்தில் மூன்று நாலு தரம் ஸ்கேன் பார்த்தார்கள். கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று கீழால் மருந்து விட்டு எக்ஸ்ரே பிடித்தார்கள். அன்றைக்கு நான்தான் கூடப் போனேன். உள்ளே நடந்து போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள், உதடு வெள்ளையாக. பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. "ஒரு பிளேன் டீ குடிக்கலாமா மாமி" என்று மட்டும் கேட்டாள். குழாய் இரண்டும் திறந்துதான் இருந்தது. பிறகு முட்டை பழுக்கக் குளிசை, குளிசைக்குப் பிறகு ஊசி. ஃபிரிட்ஜில் என் ரோல்ஸ் மாவுக்கும் மீன் கறிக்கும் நடுவில் அவளுடைய ஊசிப் பெட்டி இருந்தது. பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்து, கையைக் கழுவி, சட்டையைத் தூக்கித் தன் வயிற்றில் தானே குத்திக்கொள்வாள். ஒரு நாள் நான் பார்த்து முகத்தைத் திருப்பினேன். "பயப்பிடாதேங்கோ மாமி, எறும்பு கடிக்கிற மாதிரித்தான்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். உடம்பு ஊதியது, காரணமில்லாமல் வேர்த்தது, கொப்பி திருத்துகிற மேசையிலேயே படுத்து அழுதாள். எக்ஸ்ரே எடுத்த அன்று நீ அவள் காலடியில் இருந்து அவளுக்கு மேலாக அழுதாய். நான் தேத்தண்ணியோடு வந்து, "யாருக்கடா மருந்து விட்டது, உனக்கா அவளுக்கா" என்று கேலி பண்ணினேன். அந்த அழுகை எதற்கு என்று இப்போதுதானே தெரிகிறது.

அடுத்தது கழுவித் தெரிந்தெடுத்த விந்தை ஒரு மெல்லிய குழாயால் கருப்பைக்குள் விடுகிற முறை. அதற்கு அன்று காலையிலேயே, அங்கேயே, உன்னுடையதை எடுக்கவேண்டும். அங்கே ஜூட்டைக் கூட்டிக்கொண்டு போக ஏலாதே. முதல் தடவை உனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் தடவை குருநாகலில் அவசர வேலை வந்தது. மூன்றாம் தடவை கிளினிக் வாசல் வரைக்கும் போய் அவளோடு சண்டை பிடித்துத் திரும்பி வந்தாய். ஒவ்வொரு தடவைக்கும் அவள் அதற்கு முன்னம் பத்து நாள் ஊசி குத்தியிருந்தாள், மகன். பத்து நாள். பிறகு, "அந்த டொக்டருக்கு ஒன்டும் தெரியாது" என்று நீயே டொக்டரை மாற்றினாய். புது டொக்டரின் மேசையிலும் அதே ரிப்போர்ட்டைத்தான் வைத்தாய். புருசன் நல்லம், குழாய் நல்லம், முட்டை நல்லம் என்றால் அந்த மனுசன் என்ன செய்வார்? சின்னத் துவாரம் போட்டு உள்ளே கமரா விட்டுப் பார்ப்போம் என்று ஒப்பரேஷனுக்கு நாள் குறித்தார். வருகிற வெள்ளிக்கிழமை. நீ அதையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, பத்து நாள் வேலை என்று திருகோணமலைக்குப் பஸ் ஏறினாய்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் ரோல்ஸுக்கு ரஸ்க் தூள் பிரட்டிக்கொண்டிருக்கும்போது ஜூட் குசினிக் கதவடியில் வந்து நின்றான். "என்னடா, முகம் மூணு நாள் போன மீன் மாதிரி இருக்கு, பொண்டாட்டி அடிச்சாளா" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

"அன்டி, ஷாமினிக்கு ஒப்பரேஷனாமே."

"ஓம், வெள்ளிக்கிழம. ஏன், அவளுக்குப் பதிலா நீ போய்ப் படுக்கப் போறியா?"

"செய்ய விடாதீங்க அன்டி."

"நீ எப்படா டொக்டரான?"

அவன் காஸ் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அந்த ரிப்போர்ட் அவன்ட இல்ல அன்டி. என்ட."

"எந்த ரிப்போர்ட்?"

"நீங்க நெஞ்சுக்குள்ள வச்சுக் கொண்டு போனது."

என் கையில் இருந்த ரோல்ஸை அவன் மேல் எறிந்தேன். பொரிக்காத ரோல்ஸ், அவன் கோயில் சட்டையில் பட்டு உடைந்தது. அவன் துடைக்கவும் இல்லை. "அவன் அழுதான் அன்டி. எனக்கு ரெண்டு இருக்குதானே, உனக்கு என்ன போகுதுன்னு கேட்டான். ரிப்போர்ட் நல்லா வந்தா வீட்டுல கரச்சல் நிக்கும், பொறகு ஆறுதலா நான் தனியப் போய் உண்மையான டெஸ்ட்டச் செய்றன்னு சொன்னான். ஷாமினிக்கு இவ்வளவு செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது. இப்ப வெட்டப் போறாங்கன்னதும் என்ட பொண்டாட்டிட்ட சொன்னேன். போய்ச் சொல்லாட்டி வீட்டுக்கு வராதேன்னுட்டாள்." பிறகு இன்னொன்றும் சொன்னான். "அவனுக்குச் சின்னதில கன்னம் வீங்கிக் கூவைக்கட்டு வந்த நேரம் டொக்டர் உங்ககிட்ட என்னமோ சொன்னாராமே அன்டி. அதை அவன் கேட்டிருக்கான். அந்தப் பயத்திலதான்."

வீட்டில் கரைச்சல் என்று நீ சொன்னது யாரை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மாதா மாதம் கலண்டரைப் பார்த்து, "என்ன பிள்ளை, இந்த மாசமும் லீவா" என்று கேட்டுக் கேலி பண்ணிய வாய் இதுதான். என் கேலியை எல்லாரும் ரசிக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கூவைக்கட்டுக் கதைக்கும் இப்போது வருகிறேன். உனக்குப் பதினாறு வயது. கன்னம் இரண்டும் வீங்கி, அது வடிகிற நேரம் பார்த்துக் கீழே விதைக்கு இறங்கிவிட்டது. ஒரு கிழமை நீ காலை அகட்டிக்கொண்டு படுத்திருந்தாய், நான் அதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். டொக்டர் போகும்போது என்னைக் கதவடிக்குக் கூப்பிட்டு, "பெரும்பாலும் ஒன்றும் வராது. ஆனாலும் கல்யாணத்துக்கு முன்னம் ஒருதரம் டெஸ்ட் செய்து பாருங்கள்" என்றார். நான் தலையாட்டினேன். நீ நித்திரை என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் சொல்லவில்லை. ஆம்பிளைப் பிள்ளையின் காதில் போடுகிற கதையா அது என்று எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். ஷாமினியைப் பேசி வந்தபோது அவளுடைய மாமி ஒருவர் நேரே கேட்டார், "பெடியனுக்கு முந்தி வருத்தம் துன்பம் ஏதும் இருந்ததோ?" என்று. யாழ்ப்பாணத்து ஆட்கள், நம்மைப் போலக் கேக்கைத் தின்றுவிட்டுப் போகிறவர்கள் இல்லை, கேட்கவேண்டியதைக் கேட்பார்கள். "தடிமன் கூட வராத உடம்பு" என்றேன். ஆகவே நீ சொன்னது இந்த வீட்டின் இரண்டாவது பொய். முதலாவது என்னுடையது. ஞானஸ்நான வீட்டில் என் பிள்ளையில் பிழை இல்லை என்று பேப்பரை விரித்தபோது, எனக்கு உள்ளுக்குள் இருந்த பயம் போய்விட்ட சந்தோசத்தில்தான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன். அந்தப் பயத்தைத் தூக்கி அவள் தலையில் போட்டேன்.

இதில் உன் அப்பாவின் பங்கும் உண்டு, கேள். கல்யாணம் முடித்து நாலு வருடம் நீ வரவில்லை. அந்த நாலு வருடமும் நான் பட்டதை உனக்குச் சொன்னதில்லை. இதே அத்தைமாரில் ஒருத்தி தன் பிள்ளையை நான் தூக்கப் போனபோது, "இருக்கட்டும் மச்சாள், அது புது ஆளைக் கண்டா அழும்" என்று வாங்கிக்கொண்டு போனவள். எனக்குக் கஷாயம், எனக்கு எண்ணெய், எனக்கு நேர்த்தி. எல்லாம் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை ஜூட் போன பிறகு அப்பாவிடம் விசயத்தைச் சொன்னேன். ரேடியோவின் குமிழைத் திருகி அணைத்தவர், "எனக்கும் அப்ப டெஸ்ட் செய்யச் சொல்லித் துண்டு தந்தவங்க. நான் போகல்ல" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் கழித்து. "ஏன் போகல்ல?" என்று கேட்டேன். "ஹாபரில என்னோட வேலை செஞ்சவன்ட தங்கச்சி அந்த ஆஸ்பத்திரில நேர்ஸ். வெட்கமாப் போச்சு" என்றார். இரண்டு நாளாக அவர் தன் தேத்தண்ணியைத் தானே ஊற்றிக் குடிக்கிறார், சீனி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் போனது. உனக்கு வெட்கம் எங்கே இருந்து வந்தது என்று நான் தேடத் தேவையில்லை. அது இந்த வீட்டில் சாய்மனைக் கதிரையில் இருந்து செய்தி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

திங்கட்கிழமை காலை நான் தனியே வெள்ளவத்தைக்குப் போனேன். பழைய லேடி டொக்டரிடம் நம்பர் எடுத்து, என் முறை வந்ததும் உள்ளே போய் இருந்தேன். யாருடைய கதை என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சிங்கள டொக்டர், உடைந்த தமிழ், ஆனால் நல்ல மனசு. கூவைக்கட்டு என்றதும் பேனையை வைத்துவிட்டார். "அம்மா, அது வந்தா எல்லாருக்கும் பிள்ளை இல்லை எண்டு இல்லை. கன பேருக்கு ஒரு பக்கம்தான் பழுது. மத்தப் பக்கம் வேலை செய்யும். ஆனா டெஸ்ட் செய்யாம நான் எப்பிடிச் சொல்றது?" என்றார். பிறகு விரல் மடித்துச் சொன்னதை நான் விளங்கினபடி எழுதுகிறேன். ஒரு டெஸ்ட்டில் குறைந்து வந்தால் சில கிழமை விட்டு இன்னொரு தரம் பார்ப்பார்களாம், ஒரு காய்ச்சல் வந்தாலும் குறையுமாம். இரத்தத்தில் பார்க்கிறதும் ஸ்கேன் பார்க்கிறதும் உண்டு. கொஞ்சம் குறைவென்றால் அந்தக் குழாயால் விடுகிற முறை. நன்றாகக் குறைவென்றால் முட்டையை வெளியே எடுத்து, ஒரு முட்டைக்கு ஒரேயொரு விந்தை ஊசியால் உள்ளே வைத்துக் கருக்கட்ட வைப்பார்களாம். ஒன்றுமே வெளியே வராவிட்டால் விதைக்குள்ளேயே ஊசி விட்டுத் தேடிப் பார்ப்பார்களாம். அங்கேயும் இல்லையென்றால் பிறகு புருசன் பெண்சாதி இரண்டு பேரும் இருந்து கதைத்து முடிவெடுக்கிற வழிகள் இருக்கின்றன, இன்னொருவருடையதை வாங்குவது, ஒரு பிள்ளையைத் தத்தெடுப்பது, நாங்கள் இரண்டு பேருமே போதும் என்று இருப்பது. எல்லாம் சரிவரும் என்று அவர் எனக்குச் சத்தியம் பண்ணவில்லை. சரிவராமலும் போகும், பல தரம் போகவேண்டி வரும் என்றுதான் சொன்னார். நான் எழும்பும்போது கேட்டேன், "டொக்டர், முதல்ல யாரைப் பார்க்கிறது சரி?" "ரெண்டு பேரையும் ஒண்ணா. ஆனா ஆம்பிளை டெஸ்ட்தான் லேசி. ஊசி இல்லை, நோவு இல்லை, ஒரு காலமை வேலை." ஒரு காலை வேலை, மகன். அதை நீ செய்யாததற்கு அவள் ஒரு வருடம் வேலை செய்திருக்கிறாள்.

உன்னில் குறை இருக்கும் என்று எனக்குக் கோபம் இல்லை. அது உன் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. நீ பயந்ததற்கும் கோபமில்லை, பயப்படாத ஆம்பிளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. நான் நெருப்பாக எரிவது ஒன்றுக்குத்தான். அவள் ஊசியைக் கையில் எடுக்கிறபோதெல்லாம் நீ பக்கத்தில் இருந்தாய். ஒரு வசனம் சொன்னால் அது நின்றிருக்கும். நீ பஞ்சை எடுத்துக் கொடுத்தாய்.

ஷாமினிக்கு நான் திங்கட்கிழமை பின்னேரம் சொல்லிவிட்டேன். நீ வந்து சொல்லும்வரை வைத்திருக்க வெள்ளிக்கிழமை விடாது. மேலே போனபோது தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன், இருக்க எனக்குத் தகுதி இல்லை என்று பட்டது. கூவைக்கட்டில் தொடங்கி, கல்யாணப் பேச்சில் நான் மறைத்தது, ஜூட், கொப்பி எடுத்துக் காட்டினது, ஒன்றையும் விடவில்லை. அவள் கையில் இருந்த தாளை முடிவு வரைக்கும் திருத்தி, புள்ளி கூட்டி, மேலே எழுதி, சிவப்புப் பேனையை மூடினாள்.

"மாமிக்கு எப்ப தெரியும்?"

"ஜூட் நேத்துத்தான் சொன்னான். மத்தது அவன்ட பதினாறு வயசில இருந்து தெரியும்."

"அப்ப அண்டைக்கு அந்த ஹோலில..." என்று தொடங்கி, விட்டுவிட்டாள். யன்னலைப் பார்த்துக்கொண்டு அவள் சொன்னாள், "ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லியிருக்கலாம் மாமி. நான் என்ன, விட்டுட்டே போயிருப்பன்? எக்ஸ்ரே எடுத்த அண்டு அவர் என்ர காலடியில இருந்து அழேக்க, எனக்காகத்தான் அழுகிறார் எண்டு நினைச்சன். அதை வைச்சுத்தான் இவ்வளவு ஊசியும் குத்தினனான்."

பிறகு எழும்பி, போனை எடுத்து, ஆஸ்பத்திரிக்குச் சிங்களத்தில் அமைதியாகக் கதைத்து வெள்ளிக்கிழமை ஒப்பரேஷனை நிற்பாட்டினாள். அடுத்ததாக வெள்ளவத்தைக் கிளினிக்குக்கு எடுத்தாள். உன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, உனக்கு நம்பர் எடுத்தாள். அதற்குப் பிறகுதான் பையில் உடுப்பு அடுக்கினாள். தெஹிவளையில் அக்காவின் ஃபிளாட்டுக்குப் போய்விட்டாள். பஸ் வரைக்கும் பையைத் தூக்கி வருகிறேன் என்றேன். "வேண்டாம் மாமி, நான் போவன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். என்னை மன்னித்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை, நீயும் உன்னைப் பற்றி நினைத்துக்கொள்ளாதே. ஒப்பரேஷனுக்கு அவள் எடுத்த லீவை ரத்துச் செய்து, வெள்ளிக்கிழமையும் வகுப்புக்குப் போகிறாளாம்.

இப்போது உனக்குச் சொல்லவேண்டியது. நம்பர் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. அடையாள அட்டையைக் கொண்டுபோ. அங்கேயே, அந்த அறையில்தான் எடுக்கவேண்டும், கதவுக்கு உள்ளே பூட்டு இருக்கிறது, நான் பார்த்துவிட்டு வந்தேன். அதற்கு முன்னம் இரண்டு மூன்று நாள் சும்மா இருக்கவேண்டுமாம். இது புதன்கிழமை உன் கைக்கு வரும், கணக்கு சரி. டொக்டரிடம் கூவைக்கட்டு வந்ததை உன் வாயால் சொல்லு. பழைய ரிப்போர்ட் யாருடையது என்பதையும் உன் வாயால் சொல்லு, அவர் அதைக் கிழித்துப் போடட்டும். வருகிற பேப்பரில் எது இருந்தாலும் ஷாமினி வாசித்த பிறகு நான் கேட்டால் சொல்லு, கேட்காவிட்டால் சொல்லாதே. நான் கேட்கமாட்டேன். ஜூட்டை ஏசாதே, அடிக்கப் போகாதே. உன் சிநேகிதர்களில் அவன் ஒருவன்தான் கதவைத் தட்டி வந்தவன். அவள் காலில் விழுந்து அழுகிற வேலையும் வேண்டாம், உன் அழுகையை அவள் இனி நம்பமாட்டாள். எட்டு மணிக்குப் பெயர் கூப்பிடும்போது எழும்பிப் போ, அவ்வளவுதான்.

நானும் அப்பாவும் அங்கே வரமாட்டோம். ஷாமினி வருவாளா என்று எனக்குத் தெரியாமல்தான் நேற்று இரவு அவளுக்குப் போன் எடுத்தேன். வருவேன், வாசலில் போட்டிருக்கிற வாங்கில் உட்கார்ந்திருப்பேன் என்றாள். பஸ் பிந்தும், தூரத்தில் இருந்து வருகிறவன், எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு இருப்பாய் பிள்ளை என்று கேட்டேன். உனக்காகக் கேட்ட கடைசிச் சலுகை அது.

"எட்டு மணி எண்டு சொன்னனான், மாமி" என்றாள்.

வெள்ளிக்கிழமை பகல் பஸ்ஸிலேயே ஏறு.

அம்மா